பேர் போடும் பலகை: தோட்டத்து ஆரம்ப வகுப்பும் நமது சங்கமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார், மாதர் அணிப் பிரதிநிதிகள் ஆகியோருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பள நிர்ணய சபை எப்படி வேலை செய்கிறது, சேமலாப நிதிக் கணக்கை எப்படிப் பார்ப்பது, மலையில் குளவி கொட்டினால் நட்டஈடு கேட்பது எப்படி என்றெல்லாம் எங்களுக்கு முன்னால் பேசிய தோழர்கள் விளக்கினார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு ஆரம்ப வகுப்பு. சங்கக் கூட்டத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்தைப் பற்றி என்ன பேச்சு, அது வாத்தியார்மாரின் வேலைதானே என்று சிலர் நினைக்கலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

நிறுவைத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது சங்கத்தின் வேலை. அந்தத் தோட்டத்துப் பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் தமிழில் ஒரு பக்கத்தைத் தானாக வாசிக்கிறதா என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான். மூன்றாம் வகுப்பில் வாசிக்காத பிள்ளை நான்காம் வகுப்பில் கணக்கையும் விட்டுவிடுகிறது. கணக்குக் கேள்வியையும் வாசித்துத்தானே செய்ய வேண்டும்? ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் வினாத்தாளுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண தரம் வரை போகாமலே நின்றுவிடுகிறது. பிறகு கொழும்பில் ஏதாவது ஒரு கடையிலோ, யாராவது ஒருவரின் வீட்டிலோ வேலை. எந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்து வைக்கும் தொழிலாளி இப்படித்தான் உருவாகிறார். பிறகு அவருக்கு ஒரு பிரச்சினை வரும்போது நமது சங்கக் காரியாலயத்தின் படியேறுகிறார். அந்தப் பிரச்சினையில் பாதி ஆறு வயதிலேயே தொடங்கிவிட்டது.

இது எப்படி வந்த பாடசாலை?

தோட்டப் பாடசாலையை யாரும் நமக்குத் தட்டில் வைத்துத் தரவில்லை. 1907ஆம் ஆண்டு கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பது தோட்டத்துரையின் பொறுப்பு என்றது. 1920இல் வந்த கல்விக் கட்டளைச் சட்டமும் அந்தப் பொறுப்பை நிர்வாகத்தின் கையிலேயே வைத்தது. நடைமுறையில் அது ஒரு அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக என்ற நிலைதான். அந்த வாத்தியாரும் துரையிடம் சம்பளம் வாங்கியவர்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. நமது பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்திடமே இருந்தன. 1960, 1961 ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் நமது பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் நடந்த அந்தக் காலத்தில்தான் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாகத் தொடங்கின. நாடு முழுவதும் ஏறிய படியில் நமது பிள்ளை கால் வைக்க முப்பது வருடம் பிந்தியது. ஆகவே, ‘தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்று யாராவது சொன்னால், உங்களுக்கு இந்த ஆண்டுகள் ஞாபகம் வர வேண்டும்.

நமது தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் மேடையில் பேசியதோடு நிற்கவில்லை. தொழிலாளிக்குச் சட்டம் தெரிய வேண்டும் என்று பத்திரிகை நடத்தினார், சிறு நூல்கள் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்கள் காதில் விழட்டும் என்று மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடினார். எழுத்தும் சங்கமும் அன்றிலிருந்தே ஒன்றாகத்தான் நடந்து வந்திருக்கின்றன.

எங்கள் ஒரு நாள்

இப்போது வகுப்புக்குள் வருவோம். எங்களில் அநேகர் லயத்தில் பிறந்து, இதே பாடசாலைகளில் படித்து, இதே பாடசாலைகளுக்குத் திரும்பி வந்தவர்கள். 2015ஐ ஒட்டிய காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் எங்களில் பலர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000 ரூபா. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் கொடுத்தது போக மிச்சத்தில் வெண்கட்டியும் கலர்க் கடதாசியும் வாங்கினோம். கொட்டகலையிலும் வேறு இடங்களிலும் உள்ள ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சி முடித்து நிரந்தரமாவதற்குப் பல வருடங்கள் சென்றன. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் நிற்பவரும் சம்பளத்துக்காகப் போராடிய ஒரு தொழிலாளிதான் என்பதற்காகச் சொல்கிறோம்.

பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே தாய்மார் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைசீவி அனுப்புவது பாட்டியாகவோ பத்து வயது அக்காவாகவோ இருக்கிறது. சில பிள்ளைகள் வெறும் தேத்தண்ணீரோடு வருகின்றன. பாடசாலைப் போசாக்கு உணவுதான் அவற்றுக்கு அன்றைய முதல் சாப்பாடு. சாப்பிடாத பிள்ளைக்கு ‘அ’னாவும் தெரியாது, ‘ஆ’வன்னாவும் தெரியாது. அதனால் உணவு நேரத்தை நாங்கள் பாட நேரம் போலவே மதிக்கிறோம்.

சிறிய பாடசாலையில் ஒரே ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு, சில நாளில் மூன்று வகுப்பு. ஒருவர் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். தகரக் கூரையில் தென்மேற்குப் பருவ மழை விழத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் எங்கள் குரல் கேட்காது. இந்த நிலைமைக்குள் நின்று நாங்கள் செய்து பார்த்து, பலன் கண்ட சில வழிகளை உங்களுக்குச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் செய்யலாம், உங்கள் தோட்டத்து ஆசிரியரிடமும் சொல்லலாம்.

முதலாவது: பேர் போடும் பலகை

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அரைப்பேர் என்றால் வயிற்றில் அடி. இந்தச் சொல் பிள்ளைக்கும் தெரியும். இரவு சாப்பாட்டு நேரத்தில் அது கேட்கும் முதல் கணக்கு இதுதான்.

அதனால் முதலாம் வகுப்பில் முதல் கிழமையே ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதுகிறோம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, இரண்டு வரிசை ஆணி. ஒரு வரிசைக்கு மேல் ‘வீட்டில்’, மற்றதுக்கு மேல் ‘வகுப்பில்’ என்று எழுதியிருக்கும். காலையில் வந்தவுடன் பிள்ளை தன் மட்டையை வீட்டு வரிசையிலிருந்து எடுத்து வகுப்பு வரிசையில் மாட்ட வேண்டும். ‘இன்றைக்குப் பேர் போட்டாச்சா?’ என்று கேட்போம். முதல் இரண்டு நாள் படத்தைப் பார்த்து எடுக்கும். பிறகு படத்தை வெட்டிவிடுவோம். ஒரு மாதத்துக்குள் தன் பேரை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் பேரையும் வாசிக்கிறது.

அந்தப் பேர்களிலிருந்தே எழுத்து பிறக்கிறது. கவிதா, கமலன், கதிர் மூன்று பேரும் ‘க’ வீட்டுக்காரர்கள். மாலினிக்கும் கமலனுக்கும் நடுவில் ‘ம’ எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் வகுப்பே எழுந்து ஓடி வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே பலகை கணக்குப் பலகை. மொத்தம் 23, வந்தது 19, வராதது எத்தனை? இடாப்பு எழுத எங்களுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். ஒரு பிள்ளையின் மட்டை இரண்டு நாள் ‘வீட்டில்’ வரிசையிலேயே தொங்கினால், எங்களுக்கு முன்பே பிள்ளைகள் கேட்கின்றன, ஏன் வரவில்லை என்று.

இரண்டாவது: வீட்டுப் பேச்சும் புத்தகப் பேச்சும்

நமது பிள்ளை வீட்டில் பேசுவது லயத்துப் பேச்சு. பாடநூலில் இருப்பது வேறு பேச்சு. ‘அம்மா மலைக்குப் போயிருச்சு’ என்று சொல்லும் பிள்ளையை ‘பிழை, பிழை’ என்று மூன்று தரம் நிறுத்தினால் நான்காவது தரம் அது வாயே திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பு வராது.

ஆகவே பலகையை இரண்டாகப் பிரிக்கிறோம். இடது பக்கம் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறோம். வலது பக்கம் ‘அம்மா மலைக்குப் போய்விட்டார்’ என்று எழுதுகிறோம். இரண்டையும் சேர்ந்து வாசிக்கிறோம். எது வீட்டில் பேசுவது, எது கொப்பியில் எழுதுவது என்று பிள்ளையே பிரித்துச் சொல்லப் பழகுகிறது. தன் பேச்சு கேவலமானது என்று அது படிப்பதில்லை, இன்னொரு பேச்சும் எனக்கு வேண்டும் என்று படிக்கிறது. தாய்மாரே, உங்களுக்கும் இதையே சொல்கிறோம். ‘நமக்குப் படிப்பில்லை, நாம் பேசினால் பிள்ளை கெட்டுவிடும்’ என்று சில தாய்மார் வாயை மூடிக்கொள்கிறார்கள். அது வேண்டாம். நீங்கள் பேசப் பேசத்தான் பிள்ளைக்குச் சொல் சேர்கிறது. மலையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இரவில் சொல்லுங்கள். அட்டை கடித்த கதையையும், சிறுத்தை வந்த கதையையும், மழையில் படங்கு நனைந்த கதையையும் சொல்லுங்கள். மறுநாள் அதைப் பிள்ளை வகுப்பில் சொல்லும், நாங்கள் எழுதிக்கொடுப்போம்.

அப்படி எழுதியதுதான் எங்கள் வகுப்பின் வாசிகசாலை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதை நான்காக வெட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். பிள்ளை படம் வரைந்து ஒரு வசனம் சொல்லும். நாங்கள் கீழே எழுதுவோம், இரண்டாம் வகுப்பென்றால் அதுவே எழுதும். இருபது பிள்ளை, இருபது பக்கம், ஊசி நூலால் தைத்தால் ஒரு புத்தகம். மாதம் ஒன்று செய்தாலும் வருட முடிவில் பத்துப் புத்தகம் வகுப்பில் இருக்கும். அரசாங்கம் 1980 முதல் பாடநூலை இலவசமாகத் தருகிறது, நல்லது. ஆனால் பிள்ளை தன் பேரும் தன் லயமும் இருக்கும் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறது.

மூன்றாவது: ஒரே அறையில் மூன்று வகுப்பு

பல வகுப்பை ஒருவர் பார்க்கும்போது ஒரு வகுப்புக்குப் படிப்பித்து மற்றவர்களைச் சும்மா இருங்கள் என்று சொன்னால் நாள் முழுக்கச் சத்தம்தான் மிஞ்சும். அதனால் ஒரு தலைப்பை எடுத்து எல்லோருக்கும் பொதுவாகத் தொடங்குகிறோம். மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மழையைப் பற்றிக் கதைக்கிறோம். பிறகு முதலாம் வகுப்பு மழையை வரைந்து பேர் எழுதுகிறது. இரண்டாம் வகுப்பு மூன்று வசனம் எழுதுகிறது. மூன்றாம் வகுப்பு, மேற்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் விழுந்த மழைநீரை அடிமட்டத்தால் அளந்து அட்டவணையில் குறிக்கிறது. நாங்கள் ஒரு குழுவோடு உட்காரும்போது மற்றக் குழுக்களுக்கு ஒரு குட்டித் தலைவர் இருப்பார். கிழமைக்கு ஒருவர் மாறுவார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பதவி இல்லை. பேசப் பயப்படும் பிள்ளைக்கும் ஒரு கிழமை வரும்.

மழைச் சத்தத்தில் குரல் எடுபடாத நாளில் ‘பேசாப் பாடம்’ நடத்துகிறோம். நாங்கள் ஒரு சொல் மட்டையைக் காட்டுவோம், பிள்ளை அதைச் செய்து காட்ட வேண்டும். ‘எழும்பு’, ‘குதி’, ‘கதவைத் தொடு’. வாசித்தால்தான் செய்ய முடியும். யார் உண்மையில் வாசிக்கிறார், யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

நான்காவது: கொழுந்துக் கணக்கு

இதைக் கமிட்டித் தலைவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எண்ணும் கூட்டலும் போத்தல் மூடியில் தொடங்குகின்றன. பத்து மூடியை ஒரு நூலில் கோத்தால் ஒரு பத்து. நிறுவைக்கு ஒரு தடியும் இரண்டு சிரட்டையும் போதும். கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பக்கெட்டைக் கையில் கொடுத்து, அதே நிறைக்குக் கல்லைச் சேர்க்கச் சொல்வோம். ஒரு கிலோ எவ்வளவு பாரம் என்று கைக்குத் தெரிய வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் கொழுந்துக்கு வருகிறோம். ஒருவர் காலையில் 7 கிலோ, பகலில் 8 கிலோ, பின்னேரம் 6 கிலோ எடுத்தார், மொத்தம் எவ்வளவு? 21. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் 1 கிலோ கழித்தால் மிச்சம் எவ்வளவு? 18. இருபது நாளில் கழிந்தது எவ்வளவு? 60 கிலோ. நாள் இலக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று கிலோ என்ன செய்கிறது? கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் கையை உயர்த்தும் வேகத்தைப் பார்க்க வேண்டும். முழுப்பேரா அரைப்பேரா என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு கணக்கு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒருவர் மாதம் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா. அதில் எத்தனை நூறு இருக்கிறது? 270. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, அதாவது 2,160 ரூபா. நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12, அதாவது 3,240 ரூபா. நம்பிக்கை நிதியத்துக்கு நூற்றுக்கு 3, அதாவது 810 ரூபா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெருக்கல் கணக்கு மட்டும்தான். வீட்டுக்குப் போனால், ‘அம்மா, உங்கள் சீட்டில் அந்த எட்டு எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். வகுப்பில் நாங்கள் சங்கப் பிரசாரம் செய்வதில்லை, செய்யவும் கூடாது. பிள்ளையின் வீட்டுச் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வதும் இல்லை. கடன் கழிந்து கையில் மிச்சமில்லாத சீட்டை மற்றப் பிள்ளைகள் பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிடும். நாங்களே கற்பனையாக ஒரு சீட்டு எழுதித்தான் கொடுக்கிறோம். நிறை, கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பாடத்திட்டத்தில் இருப்பவைதான். அவற்றுக்குப் பிள்ளை தினமும் பார்க்கும் பொருளை உதாரணமாக எடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஐந்தாவது: சிங்களத்தில் நாளுக்கு இரண்டு சொல்

நமது மொழிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்கிறது. பொலிஸிலோ பிரதேச செயலகத்திலோ தமிழில் கடதாசி கேட்பது நமது உரிமை. அந்த உரிமையைக் கேட்கத் தெரிவது ஒரு பலம், சிங்களம் பேசத் தெரிவது இன்னொரு பலம். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். பஸ் போர்டு, கடைப் பேர், மருந்துச் சீட்டு என்று நாளுக்கு இரண்டு சொல்லாகப் படிப்பிக்கிறோம்.

மட்டை தொங்கும் நாட்கள்

இவ்வளவும் செய்தாலும் பிள்ளை வந்தால்தானே பாடம்? வராத காரணங்கள் உங்களுக்கும் தெரியும். ஒரே சோடிச் சப்பாத்து, அது நனைந்திருக்கும். தாய் வெளிநாடு போயிருப்பார். கைப்பிள்ளையைப் பார்க்க அக்கா வீட்டில் நிற்பாள். தேர்த் திருவிழா முடிந்து இரண்டு நாள் தூக்கம். பாதையில் மண்சரிவு.

நாங்கள் பின்னேர நிறுவை முடிந்த பிறகு லயத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். குற்றம் சொல்வதற்காகப் போவதில்லை. பிள்ளை செய்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். ‘உங்கள் பிள்ளை எழுதியது, கேளுங்கள்’ என்று பிள்ளையையே வாசிக்கச் சொல்கிறோம். தாய் கேட்கிறார், பக்கத்துக் காம்பராக்காரரும் வந்து நிற்கிறார். மறுநாள் அந்தப் பிள்ளை வந்துவிடுகிறது. ஆனால் அக்காவைக் கைப்பிள்ளைக்காக நிறுத்திய வீட்டில் புத்தகம் மட்டும் போதாது. அங்கே பிள்ளைக் காம்பரா ஒழுங்காக நடக்க வேண்டும். அது ஆசிரியரால் ஆகிற காரியமல்ல, கமிட்டியால் ஆகிற காரியம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. பிள்ளைத் தொகை குறைந்த பாடசாலைகளை மூட வேண்டும், அல்லது பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. வரைபடத்தில் பக்கத்துப் பாடசாலை கிட்டத்தான் தெரியும். மலைப்பாதையில், மழையில், ஆறு வயதுப் பிள்ளையின் காலுக்கு அது கிட்ட இல்லை. சேர்ந்து படித்தால் கூடுதல் ஆசிரியரும் வசதியும் கிடைக்கும் என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் வாகனம் வருமா, அதற்கு யார் பணம் கொடுப்பது என்று எழுத்தில் இல்லாமல் மூடினால், ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதி அந்த டிவிஷனுக்குக் கடதாசியில் மட்டும்தான் இருக்கும். வரவு குறைந்த பாடசாலையைத்தான் முதலில் பட்டியலில் போடுவார்கள். ஆகவே இன்றைக்குப் பலகையில் தொங்கும் ஒவ்வொரு மட்டையும் நாளைக்கு அந்தப் பாடசாலையின் கணக்கில் வரும்.

கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது

ஒன்று, பெற்றோர் கூட்டம். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் தாய் ஒரு பேரை இழக்க வேண்டும், அல்லது வராமல் விட வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் பின்னேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டம் வைக்கத் தயார். அதோடு, தவணைக்கு ஒரு தரம் இரண்டு மணித்தியாலம் சம்பளக் குறைப்பில்லாமல் பாடசாலைக்குப் போக நிர்வாகம் அனுமதிக்க வேண்டும் என்பதை நமது கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். வருடத்துக்கு மூன்று தவணை, மொத்தம் ஆறு மணித்தியாலம். இதைக் கேட்க நமக்கு வெட்கம் தேவையில்லை.

இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. தோட்டக் கமிட்டியிலிருந்து பிள்ளை படிக்கும் இருவராவது, அதில் ஒருவர் தாயாகவே, அந்தக் கூட்டத்துக்கு ஒழுங்காக வர வேண்டும். ஆசிரியர் வெற்றிடம் எத்தனை, மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருகிறதா, உணவு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று அங்கே கேளுங்கள். நாங்கள் கேட்டால் ஒரு ஆசிரியரின் முறைப்பாடு. நீங்கள் கேட்டால் ஊரின் கோரிக்கை.

மூன்று, ஒரு பல்பும் ஒரு பாயும். டிவிஷனுக்கு ஒரு இடம், கோயில் மண்டபமோ வாசிகசாலையோ சங்க அறையோ, பின்னேரம் ஆறு முதல் ஏழு மணி வரை பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே தொலைக்காட்சியும் வேண்டாம், சீட்டு விளையாட்டும் வேண்டாம். சாதாரண தரம் படித்த ஒரு தங்கச்சியோ தம்பியோ பக்கத்தில் இருந்தால் போதும். படிப்பிக்கத் தேவையில்லை, பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் போதும்.

நான்கு, சம்பளச் சீட்டு தமிழில், தெளிவான எழுத்தில், ஒவ்வொரு கழிவும் தனித்தனியாக வர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் வாசித்துச் சொல்ல முடியாத சீட்டு, சீட்டே அல்ல. இதை நிர்வாகத்திடம் கேட்பதற்கு இப்படி ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, பாடசாலையை மூடும் பேச்சு உங்கள் தோட்டத்தில் வந்தால் அன்றைக்கே சங்கத்துக்கு எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை கிலோமீற்றர், எந்தப் பாதை, வாகனம் உண்டா இல்லையா என்று நான்கு வரி எழுதினால் போதும். மற்றதை நாம் சேர்ந்து பார்ப்போம்.

தாய்மாரே, தோழர்களே, இவற்றில் பணம் அதிகம் தேவைப்படும் காரியம் ஒன்றும் இல்லை. பலகையும் ஆணியும் தோட்டத்திலேயே கிடைக்கும். கலண்டர்த் தாள் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தேவைப்படுவது, சம்பளப் பேச்சுவார்த்தைக்கு எப்படி ஒன்றாக நிற்கிறோமோ அப்படி முதலாம் வகுப்புக்கும் ஒன்றாக நிற்பது. அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் தோட்டப் பாடசாலைக்குப் போய், மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் தானாக ஒரு பக்கம் வாசிக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு, அந்த இரண்டு எண்ணையும் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட்டக் குறிப்பில் அதை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் கேளுங்கள்.